சோர்பே, ஷெர்பெட், சர்பத்: எது எதிலிருந்து வந்தது?

கேள்வி இதுதான். சோர்பே என்று ஓர் உறைந்த இனிப்பு இருக்கிறது, ஷெர்பெட் என்று இன்னொன்று, குடிக்கிற சர்பத் வேறு. மூன்றும் ஒரே சொல்லா? ஒரே சொல் என்றால் அதற்கு என்ன பொருள்? "சோர்பே லத்தீன் சொல், உறிஞ்சுவது என்று பொருள்" என்று ஒரு விளக்கம் சுற்றுகிறதே, அது சரியா? கடைசியாக, தமிழில் எதை எப்படி எழுதுவது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒரே சொல்தான், அரபியிலிருந்து கிளம்பியது. லத்தீன் விளக்கம் தவறு, ஆனால் அந்தத் தவறுக்கும் இந்தக் கதையில் ஒரு வேலை இருக்கிறது. இன்னொன்று, இந்தச் சொல்லுக்குள் குளிர்ச்சியே கிடையாது. உலகத்தின் மற்ற உறைந்த இனிப்புகளில் பெரும்பாலானவற்றின் பெயரில் பனியோ உறைதலோ எங்காவது இருக்கும். இதில் இல்லை. இது குளிர்ச்சியின் பெயர் அல்ல, சர்க்கரைப் பாகின் பெயர் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தச் சொல் ஒவ்வொரு நாட்டிலும் ஏன் ஒவ்வொரு பொருளைக் குறிக்கிறது என்பது பிடிபடும்.

அரபியில் ஷ, ர, ப என்ற மூன்று மெய்கள் சேர்ந்த வேர் ஒன்று உண்டு. ஷரிப என்றால் குடித்தான். அரபியில் ஒரு வேரை எடுத்து அச்சுகளில் வார்த்துச் சொற்கள் செய்வார்கள் என்பது தெரிந்திருக்கும். அப்படி ஓர் அச்சில் வார்த்தால் ஷராப், பொதுவாகப் பானம். இன்னோர் அச்சில் ஷர்பா, அதாவது ஒரு தடவை குடிப்பது, ஒரு மடக்கு. இந்த இரண்டாவது அச்சு ஒரு செயலை ஒருமுறை செய்வதைக் குறிக்கும். ஆக, நம்முடைய சொல்லின் அடிப்பொருள் "ஒரு மடக்கு" என்பதுதான். பழமும் இல்லை, இனிப்பும் இல்லை, பனியும் இல்லை.

அரபியில் தனியாக உச்சரிக்கும்போது ஷர்பா என்று முடியும் இந்தச் சொல்லின் கடைசியில் மறைந்து நிற்கும் த ஒன்று உண்டு, அடுத்த சொல்லோடு சேரும்போதுதான் அது வெளியே வரும். பாரசீகர்கள் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது அந்தத் தகரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள், அதனால் ஷர்பத். துருக்கியில் ஷெர்பெத். உருது, இந்தி எல்லாம் பாரசீக வழி. தமிழ் சர்பத்தின் வாலில் நிற்கும் த் அந்தப் பாரசீக முத்திரைதான்.

இந்த வேரின் மற்ற பிள்ளைகளையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் பல வீடுகளின் மருந்து அலமாரியில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இருமல் சிரப். அரபு மருத்துவர்கள் மூலிகைச் சாற்றைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சிக் கொடுத்ததை ஷராப் என்றார்கள். அந்த மருத்துவ நூல்கள் லத்தீனுக்குப் போனபோது சொல்லும் கூடவே போய் சிருபுஸ் ஆனது, அதிலிருந்து பிரெஞ்சு சிரோ, இத்தாலிய சிரொப்போ, ஆங்கில சிரப். ஸ்பானிஷில் அதே சொல் ஹராபே, மெக்சிகோவில் ஹராபே என்று ஒரு நாட்டுப்புற நடனமே இருக்கிறது. ஆங்கிலத்தில் பழச்சாறும் சர்க்கரையும் மதுவும் கலந்த ஷ்ரப் என்றொரு பழைய பானமும் இதே குடும்பம்தான். இன்னொரு பக்கம் பாரசீகத்திலும் உருதுவிலும் இந்தியிலும் ஷராப் என்றால் மது என்று சுருங்கிவிட்டது. துருக்கியில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன: ஷராப் என்றால் திராட்சை மது, ஷுருப் என்றால் பாகு அல்லது திரவ மருந்து, ஷெர்பெத் என்றால் இனிப்புப் பானம். ஒரே வேரிலிருந்து வந்த மூன்று சொற்கள், எதை எப்போது குடிக்கலாம் என்பதைப் பிரித்துக்கொண்டு விட்டன.

துருக்கிய ஷெர்பெத் என்பது என்ன? எலுமிச்சை, ரோஜா, ஊதாப்பூ, புளிப்புச் செர்ரி போன்றவற்றின் சாற்றையோ மணத்தையோ சர்க்கரையோடு காய்ச்சிப் பாகாக்கி, குடிக்கும்போது தண்ணீர் விட்டுக் கலக்குவது. உஸ்மானிய அரண்மனைக்குப் பூர்சா பக்கத்து மலையிலிருந்து பனி கொண்டுவந்து பானங்களைக் குளிர்வித்தார்கள், அதனால் வசதியுள்ளவர்கள் குடித்த ஷெர்பெத் பெரும்பாலும் ஜில்லென்றுதான் இருந்திருக்கும். ஆனால் ஜில்லென்று இருப்பது கட்டாயமில்லை. துருக்கியில் இன்றைக்கும் பக்லாவா மேல் ஊற்றுகிற பாகுக்கு ஷெர்பெத் என்றுதான் பெயர், அது கொதிக்கக் கொதிக்க இருந்தாலும்.

இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஷெர்பெத் திரவமாக மட்டும் இல்லை. பாகை இன்னும் காய்ச்சிக் கெட்டியான பசையாகவும் கட்டியாகவும் செய்து வைத்துக்கொண்டு வேண்டும்போது கரைத்துக் குடித்தார்கள், அதை வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். 1662இல் லண்டனில் ஒரு காபி இல்லத்தின் விளம்பரம் துருக்கியில் செய்த எலுமிச்சை, ரோஜா, ஊதாப்பூ ஷெர்பெட்டுகள் கிடைக்கும் என்று சொல்கிறது. அவ்வளவு தூரம் கப்பலில் வருவது பனிக்கட்டியாக இருக்க முடியாது என்பது சொல்லாமலே தெரியும். இந்தக் கெட்டி வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சரி, இத்தாலிக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் துருக்கிய ஷெர்பெத் இத்தாலிய மொழியில் சொர்பெத்தோ ஆகிறது, அங்கிருந்து பிரெஞ்சு சோர்பே, ஸ்பானிஷ் சொர்பெதே, போர்ச்சுகீஸ் சொர்வேத்தே. இங்கேதான் ஒரு கேள்வி எழ வேண்டும். இத்தாலியர்களுக்கு ஷ ஒலி வராதா? நன்றாக வரும், அவர்கள் மொழியில் அது சாதாரணமாகவே உண்டு. அப்புறம் ஏன் ஷெ போய் சொ வந்தது? காரணம், இத்தாலியில் சொர்பீரே என்று ஒரு வினைச்சொல் ஏற்கெனவே இருந்தது, சிறிது சிறிதாக உறிஞ்சிக் குடிப்பது என்று பொருள். லத்தீனில் சொர்பேரே. ஆங்கிலத்தின் அப்சார்ப் கூட அதன் பேரன்தான். காதில் விழுந்த அந்நியச் சொல் ஒரு பானத்தின் பெயர், தன் மொழியில் கிட்டத்தட்ட அதே ஒலியில் உறிஞ்சுவதற்கு ஒரு சொல் இருக்கிறது, இரண்டும் ஒட்டிக்கொண்டன. எத்தோ என்ற விகுதியும் இத்தாலியில் சின்னஞ்சிறு பொருட்களுக்கு வருவது, அதுவும் பொருந்திப்போனது. சொல் முழுக்க உள்ளூர்ச் சட்டை போட்டுக்கொண்டது.

ஆகவே லத்தீன் விளக்கம் சொல்பவர்கள் சட்டையைப் பார்த்து ஆளை முடிவு செய்கிறார்கள். சொல்லின் பிறப்பு அரபு, வடிவத்தைத் திருத்தியது லத்தீன் வழி வந்த வினைச்சொல். அரபு ஷரிபவுக்கும் லத்தீன் சொர்பேரேவுக்கும் ஒலி ஒற்றுமை தற்செயல்தான், இரண்டும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், இந்த ஒட்டுறவு சும்மா இருக்கவில்லை. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் எக்வடோரிலும் சொர்பெதே என்று கேட்டால் உறிஞ்சுகுழலைத் தருவார்கள். ஸ்பானிஷ் சொர்பெர், அதாவது உறிஞ்சுவது, அந்தச் சொல்லை முழுசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தவறான வேர்விளக்கம் ஒன்று சில நாடுகளில் உண்மையான பொருளாகவே ஆகிவிட்டது என்றால் மொழி யாருக்குக் கட்டுப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்தது எல்லாம் பானம்தான். பிரெஞ்சில் சோர்பே முதலில் எழுத்தில் வரும்போது துருக்கியர் குடிக்கும் பானம் என்ற பொருளில்தான் வருகிறது. அது எப்போது, எப்படி உறைந்தது?

இதற்கு வேண்டியது இரண்டு, உப்பும் சர்க்கரையும். பனிக்கட்டிக்கு நடுவே ஒரு பாத்திரத்தை வைத்தால் உள்ளே இருக்கும் சாறு குளிரும், உறையாது, ஏனென்றால் உருகும் பனியின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ், இனிப்புச் சாறு உறைய அதைவிடக் கீழே போக வேண்டும். பனியில் உப்பைக் கொட்டினால் பனி வேகமாக உருகத் தொடங்கும், உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து இழுக்கும், கலவையின் வெப்பநிலை மைனஸ் 21 டிகிரி வரைக்கும் கூட இறங்கலாம். வெடிமருந்தில் சேர்க்கிற வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் குளிரும் என்பது ஆசியாவில் முன்பே தெரிந்ததுதான், அக்பர் காலத்து அபுல் ஃபசல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜாம்பத்தீஸ்தா தெல்லா போர்த்தா 1589இல், பனியும் வெடியுப்பும் கலந்ததில் மதுக்குப்பியைச் சுழற்றிச் சுழற்றி மதுவை உறைய வைக்கும் வித்தையை எழுதினார். அப்புறம் வெடியுப்பை விடச் சாதாரண உப்பே பனியோடு நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு அதையே வைத்துக்கொண்டார்கள்.

சர்க்கரையின் பங்கு இதைவிட முக்கியம் என்பேன். வெறும் தண்ணீரை உறைய வைத்தால் பல்லை உடைக்கும் கட்டி. இனிப்புச் சாறு உறையும்போது அதிலுள்ள தண்ணீர் மட்டும் சின்னச் சின்னப் பனிப்படிகங்களாகப் பிரியும், மிச்சமிருக்கும் பாகு அதனாலேயே இன்னும் இனிப்பாகும், இனிப்பு கூடக் கூட அது உறைவதற்கு இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும். அதனால் வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் கூட சோர்பேயின் படிகங்களுக்கு நடுவே உறையாத பாகு இருந்துகொண்டே இருக்கிறது, கரண்டி உள்ளே போவது அந்தப் பாகால்தான். கிளறிக்கொண்டே உறைய வைத்தால் படிகங்கள் பெரிதாக வளர நேரமில்லாமல் பொடியாகவே நின்றுவிடும். ஷெர்பெத் ஏற்கெனவே நல்ல இனிப்பாக இருந்த பானம், அதனால்தான் உப்புப் பனிக்குள் போனதும் இவ்வளவு அழகாக மாறியது. வேறு எந்தப் பானத்தை விடவும் இது அந்த மாற்றத்துக்குத் தயாராக இருந்தது.

மாறிய இடம் பெரும்பாலும் நேப்பிள்ஸ். அப்போது அது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நகரம். அங்கே ஸ்பானிய அதிகாரி ஒருவரின் வீட்டில் மேலாளராக இருந்த அந்தோனியோ லத்தீனி 1690களில் வெளியிட்ட சமையல் நூலில் சொர்பெத்தோ செய்முறைகள் இருக்கின்றன, பால் சேர்த்தது ஒன்றும் உண்டு. நேப்பிள்ஸில் பிறந்த எல்லோருக்குமே சொர்பெத்தோ செய்யும் அறிவு பிறப்பிலேயே வந்துவிடும் போலிருக்கிறது என்று அவர் எழுதுகிறார். அந்தக் கிண்டலிலிருந்தே அது எவ்வளவு பரவியிருந்தது என்று தெரிகிறது. 1775இல் அதே நகரத்தில் ஃபிலிப்போ பால்தீனி என்ற மருத்துவர் சொர்பெத்தோக்களைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார், எந்தப் பழத்தில் செய்தது எந்த உபாதைக்கு நல்லது என்றெல்லாம். பழைய மருந்துப் பாகின் வாசனை இன்னும் போகவில்லை பாருங்கள்.

இடையில் ஒன்று. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து ஐஸ்க்ரீமைக் கொண்டுவந்தார், 1533இல் பிரெஞ்சு இளவரசரை மணக்கப் போன கத்தரீன் தெ மெதிச்சி தன் சமையல்காரர்களோடு சோர்பேயையும் கூட்டிப்போனார் என்ற கதைகளை நம்ப வேண்டாம். கத்தரீன் காலத்துப் பதிவு எதிலும் அது இல்லை, பிரெஞ்சுச் செய்முறைகள் எழுத்தில் வருவது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இந்தக் கதைகள் எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் ஐஸ்க்ரீம் வியாபாரம் சூடுபிடித்த பிறகு பரவியவை.

பிரான்சுக்குப் போன பிறகும் சோர்பே உடனே கரண்டியால் சாப்பிடும் பொருளாக மாறிவிடவில்லை. அங்கே உறைந்த இனிப்புக்கு கிளாஸ் என்று வேறு சொல் வந்துவிட்டது, சோர்பே என்பது பாதி உறைந்து, மது கலந்து, விருந்தின் நடுவில் கோப்பையில் வருகிற ஒன்றாக நெடுநாள் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் எஸ்கோஃபியே, சோர்பே ஏறக்குறைய குடிக்கிற பதத்தில் இருக்க வேண்டும் என்கிறார். இன்று நாம் நினைக்கிற, உருண்டையாக நிற்கிற, பாலில்லாத பழ உறைவு என்ற பொருள் இதையெல்லாம் விட இளையது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் இரண்டு கதவு வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு வழியாக சோர்பே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கியிலிருந்து நேரடியாக ஷெர்பெட். இரண்டும் அப்போது ஒரே பானத்தைத்தான் குறித்தன. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் மொழி ஏதாவது வேலை கொடுத்து இரண்டையும் பிரித்துவிடும், இங்கேயும் அதுதான் நடந்தது, ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறாக.

பிரிட்டனில் ஷெர்பெட் பொடியானது. சர்க்கரை, சமையல் சோடா, டார்டாரிக் அல்லது சிட்ரிக் அமிலம், கொஞ்சம் பழ மணம். 19ஆம் நூற்றாண்டில் இது தண்ணீரில் போட்டுப் பொங்கப் பொங்கக் குடிக்க வேண்டிய பொடி, வசதியான உடனடிப் பானம். அப்புறம் பிள்ளைகள் தண்ணீரை விட்டுவிட்டுப் பொடியையே நக்க ஆரம்பித்தார்கள், எச்சில் பட்டதும் அமிலமும் சோடாவும் சேர்ந்து நாக்கில் நுரைக்கும். 1925இல் பேரட் நிறுவனம் அதிமதுர மிட்டாய்க் குச்சியோடு விற்ற ஷெர்பெட் ஃபவுன்டன் இன்றும் பிரபலம். ஆக ஒரு பிரிட்டிஷ்காரரிடம் ஷெர்பெட் என்றால் அவர் நினைப்பது மிட்டாய்ப் பொடி, உறைந்த எதுவும் அல்ல. கரைத்துக் குடிக்கும் கெட்டி ஷெர்பெத்தை மனதில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பழக்கத்தின் நீட்சிதான் இது. ஆஸ்திரேலியாவில் வேடிக்கைப் பேச்சில் ஷெர்பெட் என்றால் பீர், இதற்கு என் பாகுக் கொள்கையில் இடமில்லை, விட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஷெர்பெட் உறைந்தது, அதோடு கொஞ்சம் பாலும் சேர்த்துக்கொண்டது. அங்கே இது சட்டப்படி வரையறுத்த சொல்: பால் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம் வரை, மொத்தப் பால் திடப்பொருள் 2 முதல் 5 சதவீதம் வரை. ஐஸ்க்ரீம் என்று சொல்லிக்கொள்ளக் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் வேண்டும். பாலே இல்லாததற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் வாட்டர் ஐஸ், சோர்பே என்பது கடையில் புழங்கும் பெயர். எனவே அமெரிக்கக் கணக்கில் ஷெர்பெட்டில் பால் உண்டு, சோர்பேயில் இல்லை. பால் ஒவ்வாதவர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. கூடவே ஒரு உச்சரிப்பு வழக்கு: நிறைய அமெரிக்கர்கள் கடைசி அசையில் ஒரு ர் சேர்த்து ஷெர்பெர்ட் என்பார்கள். இலக்கணவாதிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஆனால் அகராதிகள் அதையும் ஏற்றுக்கொண்டுவிட்டன.

இந்த இரண்டையும் பார்த்தாலே தெரியும், சொல் எங்கே போனாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சர்க்கரையை, குளிரை அல்ல. ருமேனியாவில் ஷெர்பெத் என்றால் கரண்டியில் எடுத்துச் சாப்பிடும் கெட்டியான சர்க்கரைப் பசை. ரஷ்யாவில் ஷெர்பெத் என்ற பெயரில் விற்பது வேர்க்கடலை பதித்த பால்சர்க்கரைக் கட்டி, கத்தியால் வெட்டித்தான் சாப்பிட வேண்டும். இந்தோனேசியாவில் செர்பாத் என்றால் இஞ்சி போட்ட பானம். மறுபுறம், இத்தாலிய வழியில் போன கிளை குளிரை எடுத்துக்கொண்டது, சில இடங்களில் அளவுக்கு மீறியும் எடுத்துக்கொண்டது. பிரேசிலில் சொர்வேத்தே என்றால் பாலும் க்ரீமும் போட்ட ஐஸ்க்ரீமே தான், எல் சால்வடோரில் சொர்பெதேவும் அப்படியே. பிலிப்பைன்ஸில் சொர்பெதெஸ் என்பது தேங்காய்ப் பாலிலும் எருமைப் பாலிலும் செய்து தள்ளுவண்டியில் விற்கும் ஐஸ்க்ரீம். பாலில்லாததுதான் சோர்பே என்று சாதிப்பவர்களை அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

மற்ற மொழிகள் இந்த வகை இனிப்புக்கு எப்படிப் பெயர் வைத்தன என்று பார்த்தால்தான் சர்பத்தின் தனித்தன்மை எடுபடும். பெரும்பாலான மொழிகளுக்குப் பெரிய கற்பனை எல்லாம் இல்லை, "உறைந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டன. இத்தாலிய ஜெலாத்தோ, ஸ்பானிஷ் எலாதோ, போர்ச்சுகலின் ஜெலாதோ மூன்றும் ஒரே லத்தீன் வினையின் எச்சங்கள், உறைந்தது என்று பொருள், ஜெல்லியும் ஜெலட்டினும் அந்தக் குடும்பமே. ரஷ்ய மொழியின் மரோஷெனயெ, செக்கின் ஸ்மர்ஸ்லினா, ஹங்கேரியின் ஃபாஜ்லால்ட் எல்லாம் அதே கதை. துருக்கியின் தோந்துர்மா என்றால் உறைய வைத்தல். பாரசீகத்தின் பஸ்தனி கொஞ்சம் நயமானது, பஸ்தன் என்ற வினைக்குக் கட்டுவது, மூடுவது, இறுகுவது எல்லாமே பொருள்.

இன்னொரு கூட்டம் பனியைப் பிடித்துக்கொண்டது. போலிஷில் லோதி, அதாவது பனிக்கட்டிகள், எப்போதும் பன்மை. ஃபின்னிஷில் பனிக்கட்டியான யா என்பதிலிருந்து யாத்தெலோ. செர்பிய, குரோவேஷிய மொழிகளில் ஸ்லாதொலெத், இனிப்பு என்ற சொல்லையும் பனிக்கட்டி என்ற சொல்லையும் ஒட்டியது, எனக்கு மிகப் பிடித்த ஆக்கம் இதுதான், விளக்கமே தேவையில்லை. பிரெஞ்சு கிளாஸ் பனிக்கட்டியும்தான், முகம் பார்க்கும் கண்ணாடியும்தான். ஸ்வீடிஷ்காரர்கள் அதை அப்படியே கடன் வாங்கி, கண்ணாடிக் குவளைக்கு ஏற்கெனவே இருந்த கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள தங்கள் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், உயிரொலியின் நீளத்தில்தான் வேறுபாடு.

வியட்நாமிய மொழி வேறு திசையில் போனது. பிரெஞ்சு க்ரெம் அங்கே கெம் ஆனது, குளிரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பற்பசையும் கெம், முகப்பூச்சும் கெம், ஐஸ்க்ரீமும் கெம், பின்னால் வரும் சொல்தான் எதைச் சாப்பிடலாம் என்று சொல்லும். சீன மொழியில் பிங் சி லின், முதல் எழுத்து பனிக்கட்டி என்ற மொழிபெயர்ப்பு, மீதி க்ரீம் என்ற ஒலியைப் பிடிக்கிற முயற்சி. ஆங்கில ஐஸ்க்ரீமே கூட ஒரு தேய்ந்த வடிவம்தான், 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் செய்முறையில் ஐஸி க்ரீம், பிறகு ஐஸ்ட் க்ரீம் என்றும் ஐஸ் க்ரீம் என்றும் இரண்டு விதமாக எழுதி, கடைசியில் நடுவிலிருந்த மெய் விழுந்துபோனது. 1671இல் வின்ட்சரில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸின் மேசையில் ஒரே ஒரு தட்டு பரிமாறியதாகப் பதிவு இருக்கிறது.

குல்ஃபியும் ஃபலூதாவும் தனி ரகம். குல்ஃபி வந்தது அரபு குஃப்ல், பூட்டு என்ற சொல்லிலிருந்து, வழியில் மெய்கள் இடம் மாறி குல்ஃப் ஆனது. மூடி போட்டு, ஓரத்தை மாவால் அடைத்து உப்புப் பனிக்குள் புதைக்கிற உலோக அச்சின் பெயர் உள்ளே இருக்கும் இனிப்புக்கு வந்துவிட்டது. ஃபலூதா பாரசீகத்தின் பாலூதே, வடிகட்டித் தெளிந்தது என்று பொருள், மாவிலிருந்து மாச்சத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைக் குறித்தது. அதன் பயணம் சர்பத்துக்கு நேர் எதிராக இருப்பது ஆச்சரியம். ஈரானில் ஃபாலூதே என்பது மெல்லிய மாச்சத்துச் சேமியாவைப் பாகோடு உறைய வைத்த இனிப்பு, இந்தியாவுக்கு வந்ததும் அதே சொல் கோப்பையில் பாலும் சேமியாவுமாக உறிஞ்சிக் குடிக்கிற பொருளாகிவிட்டது. சர்பத் மேற்கே போய் உறைந்தது, ஃபலூதா கிழக்கே வந்து உருகியது.

ஜப்பானிய மொழிக்குப் போன கிளையும் சொல்லத்தக்கது. ஆங்கில ஷெர்பெட் அங்கே ஷாபெட்டோ, உறைந்த பழ இனிப்பு. அதோடு நிற்காமல், சாலையில் பாதி உருகிக் குழம்பாகக் கிடக்கும் பனியையும் ஷாபெட்டோ பதம் என்றே சொல்கிறார்கள், குளிர்கால வாகன எச்சரிக்கைகளில் இது சாதாரணம். ஆயிரம் ஆண்டு முன்பு "ஒரு மடக்கு" என்று மட்டும் பொருள்பட்ட சொல் கடைசியில் சக்கரம் வழுக்குகிற பனிச்சேற்றின் பெயராகிவிட்டது. சர்க்கரையை முழுக்க உதறிவிட்டுக் குளிரை மட்டும் வைத்துக்கொண்ட ஒரே இடம் எனக்குத் தெரிந்து அதுதான்.

இனி, தமிழில் எப்படி எழுதுவது. பானத்துக்கு சர்பத், அதில் கேள்வியே இல்லை, நூற்றாண்டுகளாக நம் சொல். உறைந்த, பாலில்லாத வகைக்கு சோர்பே என்று எழுதுங்கள், பிரெஞ்சு உச்சரிப்பில் கடைசி மெய் ஒலிக்காது, ஆங்கிலம் பேசுபவர்களும் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள், சோர்பெட் என்று எழுதினால் எழுத்துக்கூட்டிப் படித்தது போலிருக்கும். அமெரிக்கப் பால் வகைக்கு ஷெர்பெட். மூன்றையும் சர்பத் என்றே எழுதிவிடலாமே, வேர் ஒன்றுதானே என்று சிலர் வாதிடுவார்கள். வேர் ஒன்று என்பதற்காகச் சிரப்பையும் சர்பத் என்று எழுத மாட்டோம். சோர்பேயைப் பனிக்கூழ் என்று மொழிபெயர்ப்பதையும் நான் தவிர்ப்பேன், அந்தச் சொல் ஐஸ்க்ரீமுக்கு என்று ஏறக்குறைய நிலைத்துவிட்டது, பால் உண்டா இல்லையா என்பது முக்கியமான இடத்தில் அது குழப்பும். விளக்கியே ஆக வேண்டும் என்றால் முதல் தடவை "பால் சேர்க்காத உறைந்த பழப்பாகு" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து சோர்பே என்றே போகலாம்.